அஞ்சு உயிரும் அரை மணி நேரமும்

விளையாட்டில் நியாயம் என்று பேசும்போது, ஆடுகிறவர்களுக்கு இடையே உள்ள நியாயத்தைத்தான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் காய் இருக்க வேண்டும், விழுந்த தாயத்தை மாற்றிச் சொல்லக் கூடாது, பாதியில் கலைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. நான் இங்கே கேட்க விரும்புவது வேறொரு நியாயத்தைப் பற்றி. ஆடுகிறவருக்கும் விதியை எழுதுகிறவருக்கும் இடையே நியாயம் என்று ஒன்று உண்டா? விதியை எழுதிய நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கி, அதை மூன்றாவது ஒன்று வாங்கும்போது அந்த நியாயத்துக்கு யார் பொறுப்பு?

கணினித் துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்போல இது தோன்றலாம். திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில், குடகனாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வேடசந்தூரில் இதைப் பெண்களின் கேள்வியாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. ஊரைச் சுற்றி நூற்பாலைகள். ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வண்டிகள் வரிசையாகப் போகும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலரது கையில் போன் இருக்கும். சிலர் வீட்டுக்குப் பேசுவார்கள், சிலர் தூங்குவார்கள். மற்றவர்கள் லூடோ ஆடுவார்கள், அல்லது மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து வெடிக்க வைப்பார்கள். நான் பெங்களூரில் மொபைல் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு வருடம் டெஸ்டராக இருந்தேன். இப்போது ஊரிலேயே இருந்துகொண்டு அதே வேலையை ஒப்பந்தத்தில் செய்கிறேன். அதனால் இந்த ஆட்டங்கள் உருவாகும் அறையும் ஆடப்படும் வண்டியும் எனக்குத் தெரியும்.

முதலில் பழைய ஆட்டங்களைப் பற்றி. பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. புளியங்கொட்டையோ சோழியோ போட்டு ஆடலாம். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஆனால் குழிக்கு எத்தனை காய் போட்டுத் தொடங்குவது என்பது ஊருக்கு ஊர் மாறும். தாயத்திலும் அப்படித்தான். ஒரு காயாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்பது எங்கள் அப்பத்தா வீட்டுச் சட்டம். அம்மாச்சி வீட்டில் வெட்டாமலே பழம் ஏறலாம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில்தான் விதி முடிவாகும்.

இதைச் சொல்லிப் பழங்காலத்துக்குப் பொன்முலாம் பூசும் எண்ணம் எனக்கில்லை. மாதவிலக்கு நாட்களில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட பெண்களும், வெளியே போகக் கூடாது என்று சொல்லப்பட்ட நிறைமாதக்காரிகளும் ஆடிய ஆட்டம் பல்லாங்குழி. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. அவர்கள் வாழ்க்கையின் பெரிய விதிகள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் அந்தப் பலகையின் விதி மட்டும் அவர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிடிக்காவிட்டால் மாற்றலாம், அலுத்துவிட்டால் காய்களை அள்ளிப் பெட்டியில் போடலாம். ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினால் யாருக்கும் நஷ்டம் கிடையாது.

தாயத்தின் உறவுக்கார ஆட்டம் பச்சீசி. அதிலிருந்து எளிமையாக்கி எடுக்கப்பட்ட லூடோவுக்கு 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். நம்மூர்த் தரையில் கோடு போட்டு ஆடிய ஆட்டக் குடும்பத்தின் ஒரு கிளைக்கு அன்றைக்கு ஒரு சொந்தக்காரர் வந்தார். அந்தக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, லூடோவை இன்று யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். ஆனால் போனில் ஆடும் லூடோவுக்கு வேறு வகையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ‘லூடோ கிளப்’, ‘தீன் பத்தி கோல்ட்’ ஆட்டங்களைத் தயாரித்த பெங்களூரின் மூன்ஃபிராக் லேப்ஸ் 2013இல் தொடங்கப்பட்டது. 2021 ஜனவரியில் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டில்ஃப்ரன்ட் குழுமம் அதன் பெரும்பங்கைச் சுமார் 9 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மில் வண்டியில் உருளும் பகடையின் கணக்கு அதன்பின் ஸ்டாக்ஹோமில் எழுதப்படுகிறது.

மிட்டாய் ஆட்டத்தின் கதை இன்னும் நீளம். ‘கேண்டி க்ரஷ் சாகா’ 2012இல் வந்தது. தயாரித்தது கிங் என்ற நிறுவனம், அதுவும் ஸ்டாக்ஹோமில் பிறந்ததுதான். 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 590 கோடி டாலருக்கு கிங்கை வாங்கி முடித்தது. 2022 ஜனவரியில் ஆக்டிவிஷனை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகளைத் தாண்டி 2023 அக்டோபர் 13 அன்று அந்த விற்பனை நிறைவடைந்தது. விளையாட்டுத் துறை அதுவரை கண்டிராத பெரிய விற்பனை அது. இத்தனை கைமாறியும் என் மதினியின் போனில் அந்த மிட்டாய்ப் படம் மாறவே இல்லை. ஆட்டம் மூன்றாவது கைக்குப் போனது அவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த ஆட்டத்தில் அஞ்சு உயிர் உண்டு. ஒரு லெவலில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடுக்கலாம், அல்லது கூட ஆடுகிறவர்களிடம் உயிர் கேட்கலாம். எங்கள் பக்கத்து மில் பெண்கள் ஒருவருக்கொருவர் உயிர் அனுப்பிக்கொள்வார்கள். “ஏ தாயி, ஒரு உசிரு அனுப்புடி” என்று ஸ்பின்னிங்கிலிருந்து கோன் வைண்டிங் வரை கேட்டுக்கொள்வதை மதினி சிரித்துக்கொண்டே சொல்வார். போனின் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தால் உயிர் திரும்பிவிடும் என்ற வித்தையும் ஒருத்தியிடமிருந்து ஒருத்தியாக அந்த வண்டிக்குள் பரவியிருந்தது. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டையின் மிச்சம் அது என்று எனக்குத் தோன்றும். விதி பிடிக்கவில்லை, எழுதியவரோடு பேச வழியில்லை, அதனால் கடிகாரத்தோடு சண்டை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்த அஞ்சு உயிர், அரை மணி நேரம் என்ற விதியை மைக்ரோசாஃப்ட் எழுதவில்லை, ஆக்டிவிஷனும் எழுதவில்லை. கிங் தனி நிறுவனமாக இருந்தபோதே எழுதியது. சிறிய நிறுவனம் என்றால் நல்லது, பெரிய நிறுவனம் என்றால் கெட்டது என்று பிரித்துவிட்டால் யோசிக்கும் வேலையே மிச்சம். அப்படியானால் நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்குவதால் ஆட்டத்துக்குள் எதுதான் மாறுகிறது?

போதும் என்று சொல்ல முடிவதுதான் மாறுகிறது என்பது என் பதில். ஒரு ஆட்டத்தைத் தயாரித்தவர்கள் அதில் வரும் காசு சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொஞ்சம் லாபத்துக்கும் போதுமானதாக இருந்தால், அதற்கு மேல் ஆடுகிறவரைப் பிழிய வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். எடுப்பார்கள் என்பதில்லை, எடுக்க இடம் இருக்கிறது. அந்த நிறுவனத்தை ஒருவர் பெரும் விலை கொடுத்து வாங்கியதும் அந்த இடம் மூடிக்கொள்கிறது. கொடுத்த விலை ஒரு கடனைப்போல ஆட்டத்தின் தலையில் ஏறுகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் ஆடுகிறவர். அவர் கட்டுவது பல நேரம் பணமாக இருக்காது, விளம்பரம் பார்த்த நிமிடங்களாகவும் திரும்பத் திரும்ப உள்ளே வந்த தடவைகளாகவும் இருக்கும்.

நான் வேலை பார்த்த இடத்தில் இதைக் கண்ணெதிரே கண்டேன். நாங்கள் இருபத்துச் சொச்சம் பேர். டெஸ்டிங்கில் நான்கு பேர், அதில் மூன்று பேர் பெண்கள். ஒரு லெவல் ரொம்பக் கடினமாக இருந்தால் அதைச் செய்தவரின் மேஜைக்கே போய், “இது ஆட முடியாது, கோபம்தான் வருது” என்று சொல்லலாம். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், சண்டை போடுவார், மறுநாள் இரண்டு நகர்வு கூட்டித் தருவார். ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கியது. விற்ற முதலாளிகளுக்கு முழு விலையும் உடனே வரவில்லை. அடுத்த சில வருட வருமானம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால்தான் மீதிப் பணம். இந்த ஏற்பாட்டுக்குத் துறையில் எர்ன்-அவுட் என்று பெயர், உலகம் முழுவதும் நடைமுறையில் இருப்பதுதான். அதன் விளைவு என்னவென்றால், அன்றுவரை எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அடுத்த காலாண்டின் எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் போனது.

திங்கட்கிழமைக் கூட்டத்தின் மொழி மாறியது. ஆட்டத்தை இறக்கியவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்ற கேள்விகள் முன்பும் இருந்தன. இப்போது அவை மட்டுமே இருந்தன. குழுமத்தின் வேறொரு நிறுவனத்தில் தினசரிப் பரிசு நன்றாக ஓடுகிறது என்றால் எங்கள் ஆட்டத்திலும் தினசரிப் பரிசு வரும். ஏழு நாள் விடாமல் வந்தால் பெட்டி, ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு நிறுவனத்தில் மாதாந்திரப் பாஸ் ஓடுகிறது என்றால் எங்களுக்கும் பாஸ். இப்படியே போனதில், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் செய்த ஆட்டங்கள் உள்ளுக்குள் ஒரே ஆட்டமாகிவிட்டன. மேலே இருக்கும் படம் மட்டும் மிட்டாய், பழம், வைரம் என்று மாறும். நாற்பது லெவலில் முடிந்துவிடும் ஒரு சின்னக் கதை விளையாட்டு எங்களிடம் பாதி தயாராக இருந்தது. முடிகிற ஆட்டத்தில் முப்பதாம் நாள் கணக்கு கிடையாது என்பதால் அது நின்றுபோனது. லெவல் கடினமா என்பதைக் கணினியே சோதித்துச் சொல்லும் ஏற்பாடு வந்த பிறகு எங்கள் மூன்று பேரின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை.

இது எங்கள் அறையில் மட்டும் நடந்த விஷயமில்லை. ஆக்டிவிஷனை வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு மே மாதம் டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் உள்ளிட்ட ஸ்டூடியோக்களை மூடுவதாக அறிவித்தது. டாங்கோ தயாரித்த ‘ஹை-ஃபை ரஷ்’ அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகி விருதுகள் வாங்கியிருந்தது. அடி, உதை எல்லாம் இசையின் தாளத்துக்கு விழும் ஓர் ஆட்டம், அதைப்போல இன்னொன்று அந்தக் குழுமத்தில் கிடையாது. ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம் சில ஆண்டுகளில் ஏராளமான நிறுவனங்களை வாங்கிக் குவித்தது. 2023 மே மாதம் அது நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் கைநழுவியது. ஆகஸ்டில் முப்பது ஆண்டு வரலாறு கொண்ட வாலிஷன் ஸ்டூடியோ மூடப்பட்டது. குழுமம் முழுவதிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். 2025 ஜூலையில் கிங் நிறுவனத்திலும் சுமார் 200 பேர் நீக்கப்படுவதாகச் செய்திகள் வந்தன. லெவல் உருவாக்கும் கருவிகளைச் செய்துகொடுத்தவர்களின் இடத்தில் அந்தக் கருவிகளே உட்காரப்போகின்றன என்று நீக்கப்பட்டவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது.

வேலை போனவர்களின் துயரம் எல்லோருக்கும் புரியும். ஆடுகிறவருக்கு நேர்வதை அநீதி என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். யார் ஆடச் சொன்னது? பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் பெண்களின் நேரம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024இல் எடுக்கப்பட்டது. வீட்டாருக்காக ஊதியமில்லாமல் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஐந்தாண்டுகளுக்கு முன் 2019இல் இந்த எண்கள் 299, 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததென்றால் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. மில் வேலை இந்தக் கணக்குக்கு வெளியே. என் மதினிக்கு எட்டு மணி நேர ஷிப்டு, போக வர வண்டியில் ஒன்றரை மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் அடுப்படி. அவருக்கென்று நேரம் முழுசாகக் கிடைப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு துண்டு, வண்டி நால்ரோட்டில் ஆளேற்றும்போது ஒரு துண்டு.

அந்தத் துண்டுகளுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவை இந்த ஆட்டங்கள். ஒரு லெவல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஒற்றைக் கையால் ஆடலாம், கூப்பிட்டால் பாதியில் எழுந்து போகலாம். இந்த வடிவமைப்பில் ஒரு கரிசனம்கூட இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பெண்களின் நாள் எப்படி உடைந்து கிடக்கிறது என்பதைப் பெண்ணியவாதிகள் சொல்லிக் கேட்காத உலகம், விளையாட்டு நிறுவனங்களின் எண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் தினசரிப் பரிசும் தொடர் வருகைக் கணக்கும் வந்த பிறகு அந்தத் துண்டு நேரத்துக்குள் இன்னொரு கடமை நுழைகிறது. இன்றைக்கு வராவிட்டால் ஆறு நாள் உழைப்பு போய்விடும் என்பது விளையாட்டின் மொழி கிடையாது. வருகைப் பதிவேட்டின் மொழி. ஒரு நாள் லீவு போட்டால் ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும் என்று சொல்லும் ஆலைகளை எங்கள் பகுதிப் பெண்கள் நன்றாக அறிவார்கள்.

“சும்மா இருக்குறப்ப ஆடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் என்னைக்குச் சும்மா இருந்தேன்?” என்று ஒருமுறை மதினி கேட்டார். பிறகு அவரே, “இந்த ஒண்ணத்தான் வேற யாருக்காகவும் செய்யாம எனக்குன்னு செய்றேன்” என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. பெண் கையில் போன் இருந்தாலே சந்தேகப்படும் வீடுகள் நம்முடையவை. யாரோடு பேசுகிறாள், என்ன பார்க்கிறாள், இதற்கு எங்கே நேரம் கிடைக்கிறது என்று கேட்கும் குரல்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகச் சேர மாட்டேன். மதினியின் சந்தோஷம் பொய்யானது என்றோ, அவர் அடிமையாகிவிட்டார் என்றோ சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதனால்தான் அதன்மீது யாரோ விலை வைத்து இரண்டு முறை விற்றிருப்பது எனக்கு உறுத்துகிறது. மதினியைப்போலத் தினமும் திரும்பி வரும் கோடிக்கணக்கானவர்களின் பழக்கம் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு விலை கிடையாது. விற்கப்பட்டதில் பெரும்பங்கு அந்தப் பழக்கம்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுவதற்கும் அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இந்தச் சட்டங்களின் தேவை தெரியும். ஆனால் பந்தயமாக வைக்கப்படுவது பணமாக இருந்தால் மட்டுமே சட்டத்தின் கண்ணுக்கு அது இழப்பு. நேரத்தைப் பந்தயமாக வைத்தால் அது இழப்பாகத் தெரிவதில்லை. வீட்டுவேலையை உழைப்பாகப் பார்க்காத அதே கண்தான் இது. பெண்களின் நேரத்துக்கு விலை கிடையாது என்று பழகிய சமூகத்தில், அதை எடுத்துக்கொள்வது திருட்டாகத் தோன்றாது.

முடிகிற ஆட்டம் சாத்தியமா என்றால், சாத்தியம். அதற்குத் தமிழிலேயே பெயர் வைத்த எடுத்துக்காட்டு இருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். தாயின் பெயர் வெண்பா. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. படிக்க முடியாத வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். ஆவி சரியாகப் போக இட்லித்தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் அதில் வரும் முதல் புதிர். நம் வீடுகளில் அறிவு என்று யாரும் எண்ணாத ஓர் அறிவை அந்த ஆட்டம் புதிராக மதித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். முடிந்ததும் நாளைக்கு வா என்று அது கூப்பிடுவதில்லை. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

வெண்பாவைச் சொல்லிப் பெரிய நிறுவனங்களைத் திட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை. வெளியான நாளன்றே அது மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் வந்தது. சின்னக் குழுவின் ஆட்டம் பெரிய கடையில் இடம்பிடித்ததால்தான் பலரைச் சென்றடைந்தது. டாங்கோவை மூடிய கையும் வெண்பாவுக்கு மேடை கொடுத்த கையும் ஒரே கைதான். எது வாழும், எது சாகும் என்பது ஒரே இடத்தின் விருப்பமாகிவிட்டது என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிகிறது. அந்த இடம் நாளைக்கு மனம் மாறினால் கேட்க யாருக்கும் வழியில்லை.

கேட்க வழி உண்டா என்ற கேள்வியில் எங்கள் மாவட்டத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆலையின் துணியை வாங்கும் பிராண்டுகளின் தலைமையகம் ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவிலும் இருந்தது. எங்கோ நடந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை விடவில்லை. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற அமைப்புகளும் சேர்ந்து போராடியதில், 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, கேப், பிவிஎச் நிறுவனங்களும் இணைந்தன. பாலியல் வன்முறையையும் சாதி வன்முறையையும் தளத்திலேயே கண்காணித்துச் சொல்லப் பெண் தொழிலாளர்கள் பயிற்சி பெற்றார்கள். ஓர் உயிர் போன பிறகு கிடைத்த ஒப்பந்தம் அது, கொண்டாடுவதற்கில்லை. ஆனாலும் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரைக் காகிதத்தில் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆலையில் நடந்ததையும் போனில் நடப்பதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. நான் எடுத்துக்கொள்வது தூரத்தைப் பற்றிய பாடத்தை மட்டும்தான். விளையாட்டுத் துறையிலும் அந்தப் பாடத்தைச் சிலர் கற்றிருக்கிறார்கள். ஆக்டிவிஷன் மீது பாலினப் பாகுபாடு, துன்புறுத்தல் புகார்களோடு கலிஃபோர்னியா மாநில அரசு 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலருக்கு வழக்கு தீர்வானது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அக்குழுமத்தின் ரேவன் ஸ்டூடியோவில் என்னைப் போன்ற டெஸ்டர்கள் சிலரின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டதை எதிர்த்து மற்றவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 2022 மே மாதம் வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் அமைத்தார்கள். ஆதரவாக 19 வாக்குகள், எதிராக 3. அடுத்த மாதமே, வாங்கப்போகும் மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிற்சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊழியர்கள் சங்கம் அமைப்பதில் நடுநிலையாக இருப்போம் என்பது அதன் சாரம். வாங்கி முடிப்பதற்கு முன்பே வாங்குபவரிடம் வாக்கு வாங்கினார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். விற்பனை முடிந்த பிறகு அந்த வாக்கைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆடுகிறவர்களுக்கு இதுபோல ஒரு வாக்கு இதுவரை எந்த விற்பனையிலும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என்ன கேட்கலாம் என்று யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாங்கிய பிறகு விதியை இறுக்குவதாக இருந்தால் ஆடுகிறவரின் மொழியில் சொல்லிவிட்டு இறுக்க வேண்டும். ஒரு நாள் வராததற்குத் தண்டனை கூடாது. ஆட்டத்தை மூடுவதாக இருந்தால் காசு கொடுத்தவர் தன் போனில் தனியாகவாவது ஆடிக்கொள்ள விட்டுவிட்டுப் போக வேண்டும். விதி பொறுக்க முடியாததாக இருக்கிறது என்று சொல்லும் டெஸ்டரின் குரலுக்கு மேஜையில் ஓர் இடம் வேண்டும். எந்திரம் ஒரு லெவலைக் கோடி முறை ஆடிப் பார்க்கும். கோபம் வருகிறது என்று ஒருமுறைகூட அது சொல்லாது.

கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல் என்று வெவ்வேறு ஊர்களில் வீட்டிலிருந்தபடி டெஸ்டிங் செய்யும் பெண்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். பதினோரு பேர். சங்கம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. கூலி நிலுவையைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். போன மாதம், அடுத்த ஒப்பந்தத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு வரி கேட்பது என்று பேசி முடித்தோம். நிறுவனம் விற்கப்படப்போகிறது என்றால் அறுபது நாட்களுக்கு முன் எங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இருவர் பயப்படுகிறார்கள், வேலை போய்விடும் என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. மற்ற ஒன்பது பேரும் அந்த வரியைத் தமிழில் எழுதி, திருத்தி, ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.